மூன்றாம் குழியில் ஒரு சோழி

1948-ஆம் ஆண்டு ஆடி மாதம், வாக்காளர் பட்டியல் எழுதுவதற்காகக் கண்ணுசாமி என்னும் குமாஸ்தா அரிமளத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. கீழத்தெருவில் முத்துராமன் செட்டியாரின் வீட்டு முகப்பில் அவர் நோட்டை விரித்தபோது ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. செட்டியாரின் மனைவி நாச்சம்மை ஆச்சியும், செட்டியாரின் தம்பி கருப்பையாவின் மனைவி மீனாளும் மட்டுமே இருந்தார்கள்.

"ஒங்க பேருங்க ஆச்சி?"

"நாச்சம்மை."

"வீட்டுக்காரர் பேரு?"

ஆச்சி மீனாளைப் பார்த்தார். கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கணவர் பெயரை மனைவி வாயால் சொல்வது அவ்வீட்டில் இல்லாத வழக்கம். மீனாளுக்கோ அது கணவரின் அண்ணன் பெயர். அவளும் சொல்லக் கூடாது. கண்ணுசாமி பேனாவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீதையைக் கட்டினவுக பேரை எழுதிக்கங்க" என்றார் ஆச்சி. "அதுக்கு முன்னாடி, சிப்பிக்குள்ள வெளையுமே, அதைச் சேத்துக்கங்க."

கண்ணுசாமி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பட்டியல் அச்சாகி வந்தபோது அதில் "நாச்சம்மை, கணவர் சிப்பிராமன்" என்று இருந்தது. கருப்பையா தாம்தூம் என்று குதித்தார். ஆச்சி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருக்கட்டும் விடுங்க. அவுக பேரைச் சொன்னேங்கிற பழி எனக்கு வரலைல்ல."

அந்தப் பட்டியலில் இன்னொரு விசேஷமும் உண்டு. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாச்சம்மை என்ற பெயர் அந்த வீட்டில் ஒலித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கருப்பையாவுக்கு அவர் அண்ணன் மனைவி என்பதால் அண்ணமிண்டி. மீனாளுக்கு ஆச்சி. ஊருக்கும் ஆச்சி. பெற்றோர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமையுள்ளவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். அவர் கடலுக்கு அப்பால் இருந்தார்; பிறகு அங்கும் இல்லாமல் போனார்.

ஆச்சிக்குத் திருமணம் நடந்தது 1927-இல், பதினைந்தாம் வயதில். முத்துராமன் முதலில் சைகோனுக்குப் போனார். 1934-இல் ஊர் வந்து மூன்று மாதம் தங்கினார். அந்த மூன்று மாதத்தில் மனைவிக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் கற்றுக்கொடுத்தார்; தமக்கு வரும் கடிதத்தின் மேல் விலாசம் மனைவி கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு மணிலாவுக்குப் போய்த் தனியாகக் கடை வைத்தார். யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது. 1946-இல் அவருடைய கடைச் சமையல்காரர் மலையாண்டி ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் இறங்கி வந்தார். கறம்பக்குடிப் பக்கத்து ஆள். ஆச்சியைவிட நான்கைந்து வயது இளையவர். 1945 பிப்ரவரியில் மணிலா எரிந்தபோது செட்டியாரும், அங்கே அவர் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் இறந்துவிட்டார்கள். ஒன்பது வயதில் ஒரு மகள் மட்டும் தன் சித்தியிடம் இருக்கிறாள் என்றார். அந்தத் தாயையும் மகளையும் பற்றி அரிமளம் கேள்விப்பட்டது அன்றுதான்.

ஆச்சி அழுது முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. பதினேழாம் நாள் மலையாண்டியைப் பின்கட்டுக்கு வரச்சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னையப் பத்தி எதுவும் பேசுவாகளா?"

மலையாண்டி துண்டை முறுக்கினார். "கடையில தொழில் பேச்சுத்தாங்க ஆச்சி. அந்த வீட்டுக்குள்ள நான் அடுப்படியோட சரி. உள்ள என்ன பேசினாகன்னு நான் சொன்னா அது பொய்யாப் போகும்."

பொய் சொல்லாததற்காகவே மலையாண்டியை ஆச்சிக்குப் பிடித்துப்போயிற்று. அரிமளம் பஸ் நிற்குமிடத்தில் அவர் காபி கிளப் வைக்க இடம் பார்த்துக் கொடுத்ததும் ஆச்சிதான்.

கருப்பையா மலையாண்டி சொன்ன விலாசத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டார். 1948 ஐப்பசியில் பதில் வந்தது. உள்ளே பன்னிரண்டு வயதுப் பெண்ணின் புகைப்படம். பின்புறம் அம்பாரோ என்று பெயர். கடிதம் இங்கிலீஷில் இல்லை. கருப்பையா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து தெரியுது, அர்த்தம் தெரியலை" என்று வைத்துவிட்டார்.

மலையாண்டிக்கு ஆள் போயிற்று. அவர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. பேச்சுத்தான் தெரியும். அது ஸ்பானிஷுங்க. அந்த வீட்டுல அதுதான் பேசுவாக."

"எனக்குப் பேச்சுத் தெரியாது, எழுத்துத் தெரியும்" என்றார் ஆச்சி. "நான் வாசிக்கிறேன். நீங்க கேளுங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. ஆச்சி எழுத்துக் கூட்டி வாசித்தார். மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டு, காதைச் சாய்த்து, கொதிக்கும் உலையின் சத்தத்தைக் கவனிப்பவர்போல் கேட்டார். முதல் வரியில் "சு கார்த்தா யேகோ" என்று இருந்தது. தமிழ் நாக்கின் வழக்கப்படி ஆச்சி "யேகோ"வின் முதல் அசையில் அழுத்தம் கொடுத்தார்.

மலையாண்டி கண்ணைத் திறந்தார். "வாரேன்னு சொல்லுதுங்க புள்ள."

"எங்க வாரா?" என்று மீனாள் எழுந்தே விட்டாள். "இப்பவா? ஆச்சி, வீடு கெடக்கிற கெடப்பைப் பாருங்க!"

"இரு மீனா." ஆச்சி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கடைசி எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு சாய்ந்த கோடு. மற்ற எழுத்துகளுக்கு அது இல்லை. "இந்த எழுத்துக்குப் பொட்டு வச்சிருக்கா." கொஞ்சம் யோசித்தார். பொட்டு வைத்த இடத்தில் பாரத்தை ஏற்றி, கடைசி அசை ஓங்கும்படி மறுபடி சொன்னார்.

"ஆங்!" மலையாண்டி தொடையில் அடித்தார். "வந்துச்சுங்க! ஒங்க காயிதம் வந்துச்சுன்னு சொல்லுதுங்க!"

மீனாள் உட்கார்ந்தாள். ஆச்சி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அழுத்தினால் 'நான் வருகிறேன்'. பின்னால் அழுத்தினால் 'அது வந்தது'. இடையில் ஒரு பொட்டுத்தான். முழுக் கடிதத்தையும் வாசித்து முடிக்க நான்கு புதன்கிழமைகள் ஆயின.

அதற்குப் பிறகு அம்பாரோவின் கடிதங்கள் இங்கிலீஷில் வந்தன. அவள் பள்ளிக்கூடத்தில் அது கற்பித்தார்களாம். கருப்பையா வாசித்து அர்த்தம் சொல்வார்; பதிலும் அவரே எழுதுவார். 'உன் பெரியாத்தா நலம் விசாரிக்கிறார்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்ப்பார். காரியம் நடந்துவிட்டது, ஸ்பானிஷுக்கு இனி வேலையில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆச்சி மட்டும் மலையாண்டியைப் புதன்தோறும் வரச்சொன்னார்.

"அண்ணமிண்டி, ஸ்பெயின்ல கடை போடப் போறீங்களா?" என்று கருப்பையா கேட்டார்.

"ஏன், ஒங்களுக்கு அங்கிட்டு ஏதும் வாங்கியாரணுமா?"

உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மலையாண்டிக்குத் தெரியாத பதில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவள் அந்த வீட்டுக்குள் இருந்தவள். என்றைக்காவது அவள் இந்த ஊருக்கு வருவாள். அப்போது அந்தக் கேள்வியைக் கொழுந்தனார் வாயில் போட்டு, அவர் அதை இங்கிலீஷில் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வந்து, மீனாள் பக்கத்தில் நிற்கும்போது சொல்வதா? ஊரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியும். அந்தக் கேள்விக்கு ஊருக்குத் தெரியாத பாஷை வேண்டும்.

மலையாண்டியின் ஸ்பானிஷ் சந்தைக்குரியது. கொடு, எடு, குறை, அழுகிவிட்டது, நாளைக்கு வா. நான், நீ, அவர் என்று ஆள் மாறும்போது சொல் எப்படி மாறும் என்று கேட்டால், "மாறுங்க ஆச்சி, மாறும்; வாய் தானா மாத்திக்கும்" என்பார். ஆச்சிக்கு அது போதவில்லை. சீர்ச் சாமான் பட்டியலில் கரண்டிக்கும் கணக்கு வைத்துப் பழகியவர் அவர். வினைச்சொல் பட்டியல் உள்ள பள்ளிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று கருப்பையாவை எழுதச் சொன்னார். 1951-இல் அம்பாரோ தன் பழைய புத்தகத்தையே அனுப்பினாள். அதில் ஒவ்வொரு சொல்லும் சிறு கோடுகளால் அசை அசையாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

அந்தக் கோடுகளை ஆச்சி பல்லாங்குழிப் பலகைக்குக் கொண்டுவந்தார். ஒரு குழிக்கு ஓர் அசை. அசைக்கு ஒரு புளியங்கொட்டை. பாரம் விழும் அசைக்கு மட்டும் சோழி. 'பேசு' என்ற சொல்லைத்தான் முதலில் எடுத்தார். அதன் தொடக்கத்தில் ஓர் எழுத்து உண்டு. எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள்.

"பெண் பார்க்க வந்த எடத்துல வாயைத் தெறக்காம ஒக்காந்திருக்கிற பெரிய மனுசன் மாதிரி" என்றாள் மீனாள். அன்று முதல் அந்த எழுத்துக்கு அவ்வீட்டில் பெரிய மனுசன் என்று பெயர்.

முதல் தவறு உடனே வந்தது. மெய்யெழுத்தை முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிச் சொல்லிப் பழகிய நாக்கு, 'நான் பேசுகிறேன்' என்னும் சொல்லை "அப் – லோ" என்று பிரித்தது. புத்தகமோ "அ – ப்லோ" என்று அந்த மெய்யைப் பின்னால் தள்ளியிருந்தது. ஆச்சி கொட்டையை எடுத்து எடுத்து வைத்தார். மலையாண்டி, "அப்புவும் வேணாம், லோவும் வேணாம், ஒரே மூச்சுல தாளிக்கிற மாதிரி விடுங்க" என்றார். அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு ஒழுங்கு தெரியத் தொடங்கியது. சொல் உயிரிலோ, ன்-இலோ, ஸ்-இலோ முடிந்தால் சோழி கடைசிக்கு முந்தின குழியில். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசிக் குழியில். பொட்டு இருந்தால் இந்த விதி எதுவும் இல்லை, பொட்டு சொன்னபடி. இதை அவர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். 'நான் பேசுகிறேன்' என்றால் சோழி முதல் குழியில். 'நாம் பேசுகிறோம்' என்றதும் அது இரண்டாம் குழிக்கு நகர்ந்துவிடுகிறது. ஆள் சேர்ந்தால் பாரம் இடம் மாறுகிறது என்று அருகில் குறித்துக்கொண்டார். 'அவர் பேசினார்' என்பதில் சோழி கடைசிக் குழிக்கே போய்விடும். அந்தச் சொல்லில் 'அவர்' என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை; கடைசி அடியிலேயே அவர் வந்துவிடுகிறார். பெயரைச் சொல்லாமல் கணவரைப் பற்றிப் பேச இத்தனை வசதியுள்ள பாஷை இன்னொன்று உண்டா என்று ஆச்சிக்கு ஆச்சரியம்.

மூன்று நோட்டுகள் நிறைந்தன. மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அப்லாபா தெ மீ?" என்னைப் பற்றிப் பேசுவாரா? 'பேசினாரா' என்று முதலில் எழுதி, அடித்திருந்தார். ஒரு தடவை பேசினாரா என்பதல்ல அவர் கேட்க விரும்பியது.

1952-இல் வந்த ஒரு கடிதத்தைக் கருப்பையா வாசித்தபோது ஒரு வரி வந்தது: அப்பா எனக்கு உங்கள் பாஷையில் மூன்று வரை எண்ணக் கற்றுக்கொடுத்தார், ஆனால் அதை எழுதத் தெரியவில்லை. "நல்லாக் கத்துக்கொடுத்தாரு, மூணு வரைக்கும்" என்று கருப்பையா சிரித்தார். எல்லோரும் சிரித்து மறந்தார்கள்.

1958 தை மாதம் அம்பாரோ வந்தாள். இருபத்திரண்டு வயது, ஆசிரியர் பயிற்சிக்காக ஸ்பெயினுக்குக் கப்பலில் போகிறவள், கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயிலேறிப் புதுக்கோட்டைக்கு வந்தாள். அடுத்த கப்பலுக்கு முன் அரிமளத்தில் ஆறு நாள் தங்கலாம். கருப்பையா கார் வைத்து அழைத்துவந்தார். "பங்கு கேக்க வாராளோ என்னமோ" என்று முதல் நாள் வரை முனகியவர், அவள் நெற்றியும் மூக்கும் அப்படியே அண்ணனுடையவை என்று கண்டதும் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்.

முற்றத்தைச் சுற்றிய வளவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கருப்பையா நடுவில். "பிரயாணம் சௌகரியமான்னு கேட்டேன். சௌகரியம்ங்கிறா" என்று இரு பக்கமும் திரும்பித் திரும்பி மொழிபெயர்த்தார். ஆச்சி தூணோரம் நின்றபடி அந்தப் பெண்ணையே பார்த்தார். ரயிலில் வந்த முகம், உதடு காய்ந்திருந்தது.

"கோமிஸ்தே?" என்றார். சாப்பிட்டாயா?

கருப்பையாவின் வாய் திறந்தபடி இருந்தது. அம்பாரோ மெதுவாகத் திரும்பினாள். ஆச்சி மேலும் இரண்டு வாக்கியம் பேசினார்: குளிக்க வெந்நீர் இருக்கிறது, அதற்குள் சோறு ஆகிவிடும். பல்லாங்குழியில் வைத்துப் பார்க்காத ஒரு சொல்லில் பாரத்தைத் தப்பான குழியில் போட்டுவிட்டார். மலையாண்டியிடமிருந்து வந்த தவறு அது. அந்த இடத்தில் அம்பாரோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஆசீ அப்லாபா பப்பா" என்றாள். அப்பா இப்படித்தான் பேசுவார்.

மலையாண்டிக்கு அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது ஆச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தது யாருடைய பேச்சை என்பதும்.

மறுநாள் காலை அடுப்படியில் இருவரும் கீரை ஆய்ந்தார்கள். மீனாள் கிணற்றடியில் இருந்தாள். ஆச்சி ஒரு கட்டை முடித்து, தண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஓர் அசையும் பிசகவில்லை.

அம்பாரோ யோசித்தாள். அவள் நேர்மையான பெண்; கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவள்.

"இல்லை, பெரியாத்தா. நுன்கா." ஒருபோதும் இல்லை. ஊரில் மனைவி உண்டு என்பதையே அப்பா சொன்னதில்லை. அவர் போன பிறகு மலையாண்டி சொல்லித்தான் தெரியும் என்றாள்.

நுன்–கா, என்று ஆச்சியின் மனம் தானாகப் பிரித்தது. இரண்டு குழி. உயிரில் முடிகிறது, சோழி முதல் குழியில். பொட்டு தேவையில்லை. அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். பழுத்த இலைகளைத் தனியாகவும் நல்ல இலைகளைத் தனியாகவும் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே தட்டில் கிடந்தன.

அன்று புதன்கிழமையாதலால் மலையாண்டி வந்தார்; பெண்ணைப் பார்த்துக் கண் கலங்கி, அவளுக்குப் பிடித்த ஒரு பலகாரத்தை அடுப்படியில் செய்துகொடுத்துவிட்டு, போகும்போது வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா ஆச்சி?"

"கேட்டேன்."

மலையாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

நான்காம் நாள் அம்பாரோ தான் வந்த காரியத்தைச் சொன்னாள். மணிலாவில் அப்பாவை எல்லோரும் ரமோன் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லறைக் கல்லிலும் அதுதான் இருக்கிறது. அவருடைய சொந்தப் பெயரை அங்கே வெட்டவேண்டும். சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதை எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"நான் சொல்லக் கூடாது" என்றார் ஆச்சி.

"யார் தடுத்தது?"

அதற்குப் புத்தகத்தில் சொல் இல்லை. ஆச்சி வெகுநேரம் யோசித்தார். இந்தப் பெண் கேள்விக்கு உள்ளதைச் சொன்னாள்; பதில் பிடிக்கவில்லை என்பதற்காக அவளை வெறுங்கையோடு அனுப்புவது முறையில்லை. சொல்லைக் கூறுபோட்டுக் குழிக்கு ஒன்றாக வைத்துப் பழகிய மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. கிணற்றடிக்கு அவளை அழைத்துப்போய், "முத்" என்றார். அவ்வளவுதான். வாளியை இறைத்து ஊற்றிவிட்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அடுப்படியில், "து". சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாங்கட்டு நடையில், "ரா". விளக்கு ஏற்றும் வேளையில் பட்டாலை மேடையில், "மன்". நான்கும் அவர் வாயில் ஒரு தடவையும் ஒன்றுசேரவில்லை.

மீனாளுக்கு விஷயம் மாலையில்தான் புரிந்தது. "அடி ஆத்தே! பேரைத் தவணையிலயா குடுக்கிறீங்க ஆச்சி?"

"ஒனக்கென்னடி? மூத்தார் பேரு, நீ காதைப் பொத்திக்க."

அம்பாரோ நான்கு துண்டுகளையும் சேர்த்து, பின்கட்டில் தனியாக நடந்தபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டு, கேட்காதவர்போல் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஆறாம் நாள் மாலை ரயில். பெட்டி கட்டியாகிவிட்டது. கார் வர நேரமிருந்தது. இரண்டாங்கட்டில் ஊஞ்சல் பலகைக்கு அருகே பல்லாங்குழியை வைத்து, தாம் வினைச்சொல் படித்த முறையை ஆச்சி அவளுக்குக் காட்டினார். அம்பாரோ ரசித்துப் பார்த்தாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போல் நிமிர்ந்தாள்.

"பத்து வருஷமாக உங்களைப் பெரியாத்தா என்கிறேன். உங்கள் பெயர் என்ன?"

ஆச்சி திகைத்தார். கடிதங்களில் அது இல்லை; இந்த ஆறு நாளில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடவும் இல்லை. இதைச் சொல்லத் தடையேதும் இல்லை. மூன்று குழிகளைத் தேர்ந்துகொண்டார். முதல் குழியில் சோழி. அடுத்த இரண்டில் புளியங்கொட்டை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பாடம் சொல்வதுபோல் சொன்னார்.

"நாச். சம். மை."

அம்பாரோ பல்லாங்குழியையே பார்த்தாள். பிறகு எழுந்து ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

ஆச்சி சொன்னார்.

"உங்கள் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று எப்படிச் சொல்வீர்கள்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"இல்லை" என்றாள் அம்பாரோ. அவள் குரல் மாறியிருந்தது. "இல்லை, பெரியாத்தா. அது இல்லை. அப்பா சொன்னது அது இல்லை."

அவள் ஆச்சியின் கையைப் பிடித்து ஊஞ்சல் பலகையில் உட்காரவைத்தாள். நாற்பத்தாறு வயது, வெள்ளைப் புடைவை; விதவையானபின் ஆச்சி அதில் உட்கார்ந்ததில்லை. அம்பாரோ பின்னால் போய் நின்றாள். மணிலா வீட்டுத் தோட்டத்தில் மரத்தில் ஊஞ்சல் கயிறு கட்டியிருந்தது. தினமும் சாயங்காலம், கடையிலிருந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல் அப்பா இப்படித்தான் செய்வார் என்றாள். மூன்று எண்ணிவிட்டுத் தள்ளுவார். எண்ணச் சொல்லி இவளும் அடம்பிடிப்பாள். நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, ஒரு நாள் தவறாமல்.

"நாச்" என்று சொல்லிப் பலகையைப் பின்னுக்கு இழுத்தாள். "சம்" என்று நிறுத்திப் பிடித்தாள். "மை!" என்று விட்டாள்.

ஊஞ்சல் வளவின் வெளிச்சத்துக்குள் போய்த் திரும்பியது. சங்கிலி கிறீச்சிட்டது. மீனாள் அடுப்படி வாசலில் வந்து ஒன்றும் புரியாமல் நின்றாள். ஆச்சி இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்திருந்தார். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது காலை ஊன்றி நிறுத்தினார். கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஒன்றை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பாரம் எங்கே? எந்த அடியில அழுத்துவாக?"

அம்பாரோ யோசிக்கவே இல்லை. "கடைசியில். அப்போதுதானே விடுவார்."

ஆச்சி ஊஞ்சலிலிருந்து இறங்கி, பல்லாங்குழியின் முன் குனிந்தார். முதல் குழியிலிருந்த சோழியை எடுத்து மூன்றாம் குழியில் வைத்தார். மூன்றாம் குழியிலிருந்த புளியங்கொட்டை முதல் குழிக்குப் போயிற்று. வெளியே கார் வந்து நின்றது. நேரமாகிவிட்டது என்று கருப்பையா கூப்பிட்டார்.

ரயில் நிலையத்தில் அம்பாரோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கருப்பையாவிடம் அவர் அண்ணனின் முழுப்பெயரை ஓர் அசையும் விழாமல் சொல்லிக் காட்டினாள். கருப்பையா அசந்துபோனார். "யாரு கத்துக்கொடுத்தா?" என்று அண்ணமிண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லாங்குழி அதற்குப் பிறகு வெகுநாள் இரண்டாங்கட்டில் அப்படியே இருந்தது. மலையாண்டி அடுத்த புதன்கிழமை வந்து அதைப் பார்த்தார். மீனாள் எல்லாவற்றையும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். "தோட்டத்துல கயிறு கட்டினது நான்தாங்க" என்றார். "அம்புட்டு வருசத்துலயும் அந்த எண்ணிக்கை என் காதுல விழலை பாருங்க. அந்நேரம் நான் அடுப்படியில கெடந்திருப்பேன்."

1961-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலைத் திருத்தி எழுத வேறொரு குமாஸ்தா வந்தார். பழைய பட்டியலைப் பார்த்து, "கணவர் பெயர் சிப்பிராமன்தானுங்களா?" என்று கேட்டார். ஆச்சி நான்கு விரல்களை மடக்கி, ஒவ்வொரு விரலுக்கும் இடையே ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அவருக்குச் சரியான பெயரைக் கொடுத்தார். பிறகு குமாஸ்தா அவருடைய பெயரைக் கேட்டார். ஆச்சி கடைசி அடியில் பாரத்தை வைத்து அதைச் சொன்னார். குமாஸ்தா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நாச்சம்மை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தப் பட்டியலில் பெயர்கள் இரண்டும் பிழையின்றி இருக்கின்றன. பாரம் எங்கே விழுகிறது என்று எழுத அதில் இடம் இல்லை.